கதவுல சாஞ்சு நின்ன அக்காவுக்கு

எங்க லேப் ஃப்ரீசர்ல இருந்த ரத்த சாம்பிள் எல்லாம் பத்திரமா இருக்கு. ரெண்டு நாளா ஆளாளுக்கு போன் பண்ணி கேட்டவங்களுக்கு முதல்ல இத சொல்லிடறேன். உடனே ட்ரை ஐஸ் அனுப்பின பக்கத்து லேப், தன் ஃப்ரீசர்ல ரெண்டு தட்டு காலி பண்ணித் தந்த மேடம், விடிய விடிய டியூப் எண்ணின பசங்க, எல்லாருக்கும் கையெடுத்து கும்பிடறேன்.

ஆனா இந்த மடல் நைட் ஷிஃப்ட்ல தரை துடைக்கிற அக்காவுக்குத்தான். மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரோட அலாரம் கத்தறத கேட்டு லிஸ்ட்ல இருந்த மூணு நம்பருக்கும் அடிச்சிருக்காங்க, ஒருத்தரும் எடுக்கல, நான் உள்பட, என் போன் சைலன்ட்ல இருந்துச்சு, வெட்கமா இருக்கு. கதவு ரப்பர்ல ஐஸ் கட்டி சரியா மூடல. அக்கா திறந்து பார்க்கல, எதையும் நோண்டல, முதுகை கதவுல முட்டுக் கொடுத்து அப்படியே நின்னுட்டாங்க, நாங்க வர்ற வரைக்கும். வந்து பார்த்தா புடவையில முதுகுப்பக்கம் ஈரம்.

உள்ள இருந்தது கைக்குழந்தைங்க ரத்தம், தடுப்பூசி மூணாவது டோஸ் போட்டு ஒரு மாசம் கழிச்சு எடுத்தது, அந்த நாள் போனா போனதுதான், திரும்ப ஊசி குத்தி எடுத்தாலும் அது அந்த ரத்தம் இல்ல.

மறுநாள் அக்கா கேட்டாங்க, இத வச்சு என்னதான் பண்றீங்கன்னு. நிமோனியா வர வைக்கிற நிமோகாக்கஸ்ங்கற பாக்டீரியா மேல ஒரு சர்க்கரைப் போர்வை இருக்கு, ரெண்டு வயசுக்குக் கீழ உடம்பு அத சரியா கண்டுக்காது, அதனால உடம்பு நல்லா மதிக்கிற ஒரு புரதத்தோட அந்த சர்க்கரையை சேர்த்துக் கட்டி ஊசியா போடறோம்னு சொன்னேன். "முதல் நாள் என்னை கேட்ல விடல, சூப்பர்வைசர் வந்து கூட்டிட்டுப் போனப்புறம்தான் விட்டாங்க, அது மாதிரியா?"ன்னாங்க. பத்து வருஷமா இத இவ்ளோ சுருக்கமா நான் சொன்னதில்ல. சர்க்கரையை புரதத்தோட கட்டற இந்த வித்தைய 1929லயே ஏவரி, கோபல்னு ரெண்டு விஞ்ஞானிங்க முயல்ல செஞ்சு காட்டிட்டாங்க, ஆனா அதே வித்தையில செஞ்ச, கைக்குழந்தைக்கான ஹிப் ஊசிக்கு (மூளைக்காய்ச்சல் வர வைக்கிற இன்னொரு பாக்டீரியாவுக்கான தடுப்பூசி) அமெரிக்காவுல அனுமதி கிடைக்க 1990 ஆயிடுச்சு. நடுவுல எத்தனை ஃப்ரீசர் கதவோ, யார் யார் நின்னாங்களோ.

இனி என் போன் சைலன்ட்ல இருக்காது, சத்தியம்.

அக்கா, நாளைக்கு காலையில ஷிஃப்ட் முடிஞ்சதும் உடனே கிளம்பிடாதீங்க, முதல் எலைசா பிளேட் (ரத்தத்துல எதிர்ப்பு சக்தி எவ்ளோன்னு கலர் மாறி காட்டற டெஸ்ட்) ஓட்டறோம், கலர் மாறறத பார்க்கணும்னீங்கல்ல.