கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள்

தமிழில் மழலையருக்கு நிகழ்ச்சி தயாரிப்பவர்களுக்கு,

வணக்கம். அங்கன்வாடியில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளோடு பொழுதைக் கழிப்பவள் நான்.

போன வாரம் மகனை அழைத்துப்போக வந்த ஒரு அம்மா, செருப்பு மாட்டும்வரை அவன் அசையாமல் இருக்கட்டும் என்று கையில் செல்போனைக் கொடுத்தார். திரையில் ஒரு யானை, "சிவப்புப் பந்து எங்கே உள்ளது?" என்றது. பையன் விரலைத் தூக்கினான். விரல் கண்ணாடியைத் தொடுவதற்குள் "இதோ! சபாஷ்!" என்று கைதட்டல், அப்புறம் பாட்டு. அந்தச் சபாஷ் யாருக்கு என்று எனக்குப் புரியவில்லை. அடுத்த கேள்விக்கு அவன் விரலைத் தூக்கவே இல்லை.

சுட்டி டிவியில் டோராவும் புஜ்ஜியும் வந்த நாட்கள் நினைவிருக்கும். டோரா கேட்டுவிட்டுக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நிற்பாள். வீட்டுக்கு வீடு பிள்ளைகள் டிவியைப் பார்த்துக் கத்துவார்கள். பெரியவர்களுக்கு அது கேலியாக இருந்தது. ஆனால் அந்த இடைவெளியில்தான் பிள்ளை யோசிக்கிறது. அமெரிக்காவில் 1996இல் தொடங்கிய 'ப்ளூஸ் க்ளூஸ்' தொடரும் அப்படித்தான் காத்திருந்தது. ஒரே கதையை வாரத்தில் ஐந்து நாளும் போட்டார்கள். பிள்ளைகள் சலிக்கவில்லை, நாளுக்கு நாள் கூடுதலாகப் பதில் சொன்னார்கள்.

ஒரு தெருவில் நடப்பதாக அமைந்த அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சி 'செசமி ஸ்ட்ரீட்' 1969 நவம்பரில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. அதற்குச் சில மாதங்கள் முன்பே மாதிரி நிகழ்ச்சிகளைப் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். பொம்மைகளையும் மனிதர்களையும் ஒரே காட்சியில் கலக்கக் கூடாது என்பது நிபுணர்கள் சொன்ன யோசனை. மனிதர்கள் மட்டும் வந்த தெருக்காட்சிகளில் பிள்ளைகளின் கண் வேறு பக்கம் போய்விட்டது. நிபுணர் சொன்னதை ஒதுக்கிவிட்டு, பெரிய மஞ்சள் பறவைப் பொம்மையை மனிதர்களோடு தெருவிலேயே இறக்கினார்கள்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. "எங்கே உள்ளது" என்று எந்தப் பாட்டியும் பேரனிடம் கேட்பதில்லை. "எங்க இருக்கு?" போதும், எழுத்துத் தமிழைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும்.

என் வேண்டுகோள் சின்னதுதான். வெளியிடும் முன் ஒரு அத்தியாயத்தை ஏதாவதொரு அங்கன்வாடிக்கு எடுத்து வாருங்கள். திரையைப் பார்க்காதீர்கள், பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். வருவதென்றால் காலையிலேயே வந்துவிடுங்கள். சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் தூங்கிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு அங்கன்வாடிப் பணியாளர்