அண்ணனுக்கு, 56 ஏபிஓ (ராணுவத் தபால் முகவரி)

அண்ணா,

இன்னிக்கு அக்டோபர் 16. என்ன நாள்னு உனக்கு சொல்ல வேண்டியதில்ல. ஆனா 2002ல இதே நாள் நம்ம வீட்ல என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாது, நீ அங்க எல்லைல மணல்ல இருந்த. டிவில படைங்களை வாபஸ் வாங்குறோம்னு சொன்னதும் அம்மா ஒண்ணுமே பேசல, நேரா அடுப்படிக்குப் போயி உலைக்கு அரிசி கூட ஒரு ஆழாக்கு போட்டாங்க. நீ அன்னிக்கு ராத்திரியே வந்து இறங்கிடுவன்ற மாதிரி. நைனா கிண்டல் பண்ணாரு. நானும் சிரிச்சேன்.

மத்தவங்களும் இத படிப்பாங்கன்றதால ஒரு பாரா மட்டும், நீ தாண்டிப் போயிடு. 2001 டிசம்பர் 13 பார்லிமென்ட் தாக்குதல், அதுக்கு அடுத்த வாரமே ஆபரேஷன் பராக்ரம், இந்தியா பக்கம் மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் பேரு எல்லைக்குப் போனாங்க. பெரிய படைங்க தூரத்துல இருந்து கெளம்பி வந்து நிக்கவே மூணு வாரம் ஆச்சு, அதுக்குள்ள ஜனவரி 12ல பாகிஸ்தான் ஜனாதிபதி முஷரஃப் தீவிரவாதிங்கள அடக்குறேன்னு டிவில பேசிட்டாரு, வர இருந்த போர் மொத தடவ அப்படியே நின்னு போச்சு. ரெண்டாவது தடவ மே மாசம். 14ஆம் தேதி ஜம்மு பக்கத்துல காலுசக்ல தீவிரவாதிங்க ஒரு பஸ்லயும் மிலிட்டரி குவார்ட்டர்ஸ்குள்ளயும் பூந்து பொம்பளைங்க, குழந்தைங்கன்னு 30 பேருக்கு மேல கொன்னுட்டாங்க. 22ஆம் தேதி பிரதமர் வாஜ்பாய் காஷ்மீர் எல்லைல குப்வாராவுக்கே போயி தீர்மானமான போருக்கு நேரம் வந்துடுச்சுன்னு ஜவானுங்க முன்னாடி பேசுறாரு, அந்த வாரக் கடைசியிலயே பாகிஸ்தான் வரிசையா ஏவுகணை விட்டு டெஸ்ட் பண்ணுது, அமெரிக்கா தன்னோட ஆளுங்கள இந்தியாவ விட்டு கெளம்புங்கன்னு சொல்லுது. ரெண்டு நாட்டு கையிலயும் அணுகுண்டு. ஜூன்ல அமெரிக்க துணை வெளியுறவு அமைச்சர் ஆர்மிட்டேஜ் இஸ்லாமாபாத்துக்கும் டெல்லிக்கும் அலைஞ்சு ஏதோ ஒரு வாக்குறுதிய வாங்கி வந்ததுல ஆறிச்சு. வராத போர்ன்றதால யாருக்கும் இப்ப ஞாபகம் இல்ல.

நீ எந்த யூனிட், எந்த இடம்னு எழுத மாட்டேன், பயப்படாத. சாப்பர், அதாவது ராணுவத்துல இன்ஜினியர் படை ஆளுன்னு மட்டும் சொல்லிக்கிறேன். அது நம்ம ஊர் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் இருப்பாங்க.

காலுசக்குக்கு மறுநாள் தான் இங்க கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. நீ போன் பண்ண. எவ்வளவு நேரம் க்யூல நின்னு அந்த போன் கிடைச்சிருக்கும்னு அப்ப நான் யோசிக்கல. "இன்னாடா பேசிக்கிறாங்க அங்க"ன்னு கேட்ட. நான் "இன்னும் இன்னாத்துக்கு வெயிட் பண்றீங்க, ஒரே அடியா அடிச்சு முடிச்சிட்டு வாங்க"ன்னேன், கிரிக்கெட் பாக்குறவன் சொல்ற மாதிரி. நீ கொஞ்ச நேரம் கழிச்சு "மேளம் கேக்குதே, சிரசு கெளம்பிடுச்சா, அம்மாகிட்ட குடு"ன்ன. எனக்கு 19 வயசு அண்ணா. தெருவே அப்படித்தான் பேசிச்சு, செத்தது உன்ன மாதிரி ஆளுங்களோட பொண்டாட்டி புள்ளைங்க, கோவம் வராம இருக்குமா? தப்புன்னு சொல்ல வரல. ஆனா போய் அடிக்க வேண்டியது நான் இல்லன்றது அந்தக் கோவத்துல எங்கயுமே இல்ல.

அதுக்குக் கூட நான் மன்னிப்பு கேக்கல. கடலைக்குத் தான்.

அந்த நவம்பர்ல நீ லீவுல வந்தப்ப ஆடிப்பட்டத்து கடலை புடுங்கிட்டிருந்தோம். சித்தப்பா, அத்தை வீட்டு ஆளுங்க, கூலிக்கு வந்தவங்கன்னு நெலம் பூரா ஆளு. நீ வரப்பு மேல நின்ன. இறங்கவே இல்ல. நைனா ரெண்டு தடவ கூப்பிட்டாரு, நீ வரப்புலயே நடந்து கெணத்து மேட்டுக்குப் போன, திரும்பவும் அதே வரப்புல வந்த, கால் வெச்ச எடத்துலயே கால் வெச்சு. அத்தை பையன் ஒரு கொத்த புடுங்கி மண்ணோட உன் காலாண்ட போட்டான், விளையாட்டுக்கு. நீ ரெண்டடி பின்னாடி போன. எல்லாரும் சிரிச்சாங்க. அப்ப நான் சொன்னேன், நல்லா சத்தமா, எல்லாருக்கும் கேக்குற மாதிரி, "பத்து மாசம் மணல்ல சும்மா குந்தினு வந்தவருக்கு கடலை புடுங்க கூட முடியல பாரு."

சும்மா. அந்த வார்த்தைய இப்ப டைப் பண்றப்ப கூட கை நிக்குது.

நீ ஒண்ணும் சொல்லல. துண்ட தோள்ல போட்டுக்கிட்டு வரப்புலயே வீட்டுக்குப் போயிட்ட. வெயில்ல உன் நிழல் மட்டும் கடலைச் செடி மேல விழுந்துட்டே போச்சு.

லீவு முடிஞ்சு நீ எதுக்குத் திரும்பிப் போனன்னு அஞ்சு வருஷம் கழிச்சு அண்ணி சொல்லித்தான் தெரியும். பொதைச்ச கண்ணிவெடிய எடுக்க. உள்ளங்கைல அடங்குற பிளாஸ்டிக் டப்பாவாம், உள்ள இரும்பு பேருக்குத் தான் இருக்குமாம், மெஷினுக்கு சரியா சிக்காதாம், அதுலயும் மணல் காத்துல நகர்ற ஊரு, மேப்புல போட்ட எடத்துல அது இருக்காது. படுத்துக்கிட்டு சாய்வா குத்திக் குத்திப் பாக்கணுமாம். பொதைக்கறப்பவே உன் பக்கத்துல ஒரு பையனுக்கு என்ன ஆச்சுன்னும் சொன்னாங்க. அவன் ஊரு பேரு இங்க வேணாம். ஒரு நாள் கூட போர் நடக்காத போர்ல நூத்துக்கணக்கான ஜவானுங்க செத்துருக்காங்கன்னு அப்புறம் தான் படிச்சேன்.

ஆனா கேக்குறேன், ஏன் அண்ணிகிட்ட மட்டும் சொன்ன? அன்னிக்கு அந்த வரப்புல நின்னு "டேய், எனக்கு மண்ணுல கால் வெக்க முடியல"ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வாய மூடியிருக்க மாட்டேனா? நீ ஊமையா இருந்துட்டு இருபது வருஷமா என்னை மட்டும் கெட்டவனாக்கி வெச்சிருக்க. அம்மா காரியத்துல கூட பந்தல்ல என் பக்கத்துல உக்காந்து என்கிட்ட பேசாம சொம்ப நகத்தி வெச்சியே, அது மட்டும் சரியா? பாகம் பிரிக்கறப்ப நெலமே வேணாம், வீடு போதும்னு நீ சொன்னத ஊரு உன் பெரிய மனசுன்னு பேசிச்சு. நானும் தியாகம் பண்ற மாதிரி நடிக்கிறியேன்னு தான் கடுப்பானேன். இப்ப தான் வேற மாதிரி தோணுது. (அண்ணி, நீங்க படிச்சா அவர்கிட்ட இந்த பாராவ காட்டாதீங்க. இல்ல, காட்டுங்க.)

2022 மார்ச்ல நம்ம பிரமோஸ் ஏவுகணை ஒண்ணு தவறிப் போயி பாகிஸ்தானுக்குள்ள 124 கிலோமீட்டர் தாண்டி மியான் சன்னு பக்கம் விழுந்துச்சே, ஞாபகம் இருக்கா. 9ஆம் தேதி விழுந்தது, 11ஆம் தேதி தான் தொழில்நுட்பக் கோளாறுன்னு நம்ம பக்கம் ஒத்துக்கிட்டாங்க. நல்ல வேளை குண்டு இல்ல, யாரும் சாகல. என் ஆபீஸ்ல மீம்ஸ் போட்டு சிரிச்சானுங்க. எனக்கு அந்தப் பக்கம் அன்னிக்கு சாயங்காலம் அத ராடார்ல பாத்துட்டு, திருப்பி அடிக்காம உக்காந்திருந்தவன் யாரா இருக்கும்னு தான் ஓடிச்சு. அவனுக்கும் வீட்ல ஒருத்தன் இருப்பான், சும்மா தானே உக்காந்திருந்தன்னு கேக்க. அன்னிக்கு உன் நம்பர போட்டேன், ரெண்டு ரிங்ல கட் பண்ணிட்டேன். மிஸ்டு கால் பாத்திருப்ப. நீயும் திரும்பக் கூப்பிடல.

பராக்ரம் மெடல் இன்னும் அந்த தகரப் பொட்டிலயே தான் கெடக்குதாம், பையன் சொன்னான். நீ அப்ப எழுதின இன்லேண்ட் லெட்டர் ஒண்ணு என்கிட்ட இருக்கு, 56 ஏபிஓ அட்ரஸ் போட்டது. தேங்கா எண்ணெய் அனுப்பு, உதடு வெடிக்குதுன்னு எழுதியிருந்த. நான் அனுப்பல. மறந்துட்டேன்னு சொல்லியிருக்கேன். மறக்கல, போஸ்ட் ஆபீஸ் க்யூவுக்கு சோம்பேறித்தனம்.

கடலை இந்த வருஷமும் போட்டிருக்கேன், அடுத்த மாசம் நடுவுல புடுங்குறோம். ஆளு சொல்லியாச்சு. நீ வா. நெலத்துல இறங்க வேணாம், கெணத்து மேட்டுல கட்டில் போட்டு வெக்கிறேன். அத்தை பையனையும் கூப்பிட்டிருக்கேன், அவன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

தம்பி