பக்கத்து சீட் காலி

கொட்டாஞ்சேனை,
ஞாயிறு இரவு

மச்சான் ரவி,

ஏசாதே. மூன்று மாதமாக உன் மெசேஜுக்குப் பதில் போடாதது பிழைதான். வீட்டில் எல்லாரும் சுகம், அம்மாவின் முழங்கால் பழையபடி, சின்னவனுக்கு ஓ.எல். பரீட்சை முடிந்தது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்: நான் பன்றிக்காரன் ஆகிவிட்டேன். சிரித்து முடித்துவிட்டு மேலே வாசி.

ரீட்டாவின் தம்பி ஜா-எலப் பக்கம் 40 பன்றி வளர்க்கிறான், தெரியும்தானே. முன்பெல்லாம் ஹோட்டல் மிச்சத்தை வாளி வாளியாகக் கொண்டுவந்து கொட்டுவான். 2024 அக்டோபரில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நாட்டுக்குள் வந்ததும் பயந்துபோய் அதை விட்டுவிட்டுத் தீன் வாங்கிக் கலக்கத் தொடங்கினான். சோயாப் புண்ணாக்கின் விலையைப் பார்த்ததும் என்னைக் கூப்பிட்டான். போனது கணக்குப் பார்க்க. இப்போது ஞாயிறு தோறும் கொட்டிலில் நிற்கிறேன். காலையில் உள்ளே நுழைந்தால் கண் எரியும். திரும்பும்போது பஸ்ஸில் சனம் நெரிபட்டுக்கொண்டு நிற்கும், என் பக்கத்து சீட்டில் மட்டும் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

அந்த நாற்றம்தான் என்னை வாசிக்க வைத்தது. பன்றிக்குத் தேவை புரதத்துக்குள் இருக்கும் அமினோ அமிலங்கள், அவையும் ஓர் அளவில். சோளத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு என்று நாங்கள் சோயாவை அள்ளிப் போடுகிறோம். லைசின் சரிக்கு வரும்போது மற்றவை மிஞ்சிவிடும். மிஞ்சியதை உடம்பு சேர்த்து வைக்காது. ஈரல் அதை உடைத்து யூரியாவாக்கி மூத்திரத்தில் விட, சாணியில் உள்ள கிருமிகள் அதை அமோனியா ஆக்கும். அதாவது டொலர் கொடுத்து இறக்கிய சோயாவைத்தான் நான் சட்டையில் பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன்!

100 கிலோ சோயாப் புண்ணாக்குக்குப் பதில் 97 கிலோ சோளமும் 3 கிலோ லைசின் பவுடரும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. கொஞ்சத்துக்கு மட்டும்தான் அது சரிவரும். என் குணம்தான் உனக்குத் தெரியுமே, எதிலும் அவசரம். தீனில் 18 சதவீதமாக இருந்த புரதத்தை ஒரேயடியாக 14க்கு இறக்கினேன், லைசினை மட்டும் போட்டு. பத்து நாளில் தொட்டியில் தீன் மிஞ்சத் தொடங்கியது. பன்றி தீனை மிச்சம் வைத்துப் பார்த்திருக்கிறாயா? மூக்கால் ஒரு கிண்டு கிண்டிவிட்டுப் போய்ப் படுத்துவிடும். ரீட்டாவின் தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை, கடன் வாங்கி வளர்க்கிறவன் அவன்.

லைசினை நிரப்பினால் அடுத்து த்ரியோனின், மெத்தியோனின், ட்ரிப்டோபான் என்ற மற்ற அமினோ அமிலங்கள் குறைபடும். ட்ரிப்டோபான் குறைந்தால் பசியே போய்விடுமாம். இப்போது நான்கையும் சேர்த்து, புரதத்தை 15.5 சதவீதத்தில் நிறுத்தியிருக்கிறோம். தொட்டியை நக்கித் துடைக்கின்றன. வெளியே தள்ள யூரியா குறைந்ததால் தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்கின்றன. புரதம் ஒரு சதவீதம் இறங்கினால் கழிவில் போகும் நைட்ரஜன் 8 முதல் 10 சதவீதம் குறையும் என்கிறார்கள். அளக்க என்னிடம் ஒன்றும் இல்லை, ஆனால் பக்கத்து வீட்டு அக்கா குசினி ஜன்னலைத் திறந்து வைத்திருந்ததை இன்று கண்ணால் கண்டேன்.

இப்போது ஒரு பயம் இருக்கிறது. மிஞ்சிய புரதத்தை உடைக்கச் செலவான சக்தி இனி மிச்சம், அது கொழுப்பாகப் படியும். சோளத்தைக் கூட்டியதால் இன்னும் மோசம். அடுத்த மாதம் முதலாவது தொகுதி எட்டுப் பன்றிகளையும் விற்கிறோம், முதுகுக் கொழுப்பு தடித்திருந்தால் விலையை அடித்துவிடுவார்கள். உன் மருமகள் பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கிறாள் அல்லவா? சோளத்தில் கொஞ்சத்தை எடுத்துத் தவிடு போடலாமா என்று கேட்டு இந்தக் கிழமைக்குள் சொல்.

யூட்

பி.கு. சேவியருக்கு மட்டும் சொல்லிவிடாதே.