வீட்டுப் பாதுகாப்புத் திட்டம்: புதுப்பிக்க மறுத்தும் பணத்தைத் திருப்பிக் கோரியும் புகார்

அனுப்புநர்:
திட்டச் சந்தாதாரர்,
கானாடுகாத்தான்,
சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
சென்னை.

நாள்: 02.09.2025

பொருள்: வீட்டுப் பாதுகாப்புத் திட்டத்தின் ஓராண்டுச் சேவைக் குறைபாடு, மறுக்கப்பட்ட பழுதுச் செலவு, தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்துதல் ஆகியவை தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வரும் 14ஆம் தேதியுடன், எங்கள் வீட்டுச் சாதனங்களிலும் குழாய், வயரிங்கிலும் வரும் பழுதுகளை நீக்கித் தருவதற்கான தங்கள் ஓராண்டுத் திட்டம் முடிவடைகிறது என்றும், அதற்குள் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் அடுத்த ஆண்டுக்கான ரூ.14,160 என் வங்கி அட்டையிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்றும் சென்ற வாரம் தங்களிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. அந்த மறுப்பைத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன். ஆனால் 'வேண்டாம்' என்று ஒரு சொல்லில் முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. ஏன் வேண்டாம் என்பதைத் தாங்கள் முழுமையாகப் படித்து, எங்களுக்குத் திருப்பித் தர வேண்டியதைத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வீடு என் ஒருத்தியுடையது அன்று. நான்கு பங்காளிகளுக்குப் பொதுவானது. ஒரு குடும்பம் சென்னையிலும், ஒரு குடும்பம் கோயம்புத்தூரிலும், மற்றொன்று மலேசியாவிலும் இருப்பதால், காரைக்குடியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற என்னிடம் வீட்டுப் பராமரிப்புக் கணக்கை ஒப்படைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் முன்னோரை வழிபடும் படைப்புக்கு எல்லோரும் கூடும்போது அந்த ஆண்டின் பற்று வரவை வாசித்து ஐந்தொகை காட்டுவது எங்கள் வழக்கம். ஆகவே தங்களுக்குச் செலுத்திய ஒவ்வொரு ரூபாய்க்கும் நான் மூத்தவர்கள் முன்னிலையில் பதில் சொல்லியாக வேண்டும். இதில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. எங்கள் தெருவிலும் பள்ளத்தூரிலும் உள்ள உறவினர் சிலர், 'நீங்கள் எடுத்திருக்கிறீர்களே, நாங்களும் எடுக்கலாமா?' என்று கேட்டுக் காத்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லப்போகும் பதிலும் இக்கடிதத்தில் இருப்பதுதான்.

2024 ஆகஸ்ட் மாதம் தங்கள் பிரதிநிதி நேரில் வந்து, முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை வீடு முழுவதையும் சுற்றிப் பார்த்தார். வளவில், அதாவது உள்முற்றத்தில், நின்று படம் எடுத்துக்கொண்டார். வீட்டைப் பெருக்கி விளக்கேற்றிவிட்டுப் போகும் அம்மாள்தான் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டார் என்பதால், இங்கே யாரும் நிரந்தரமாகக் குடியிருக்கவில்லை என்பதும் அவருக்கு நன்றாகவே தெரியும். குளிர்சாதனப் பெட்டி, இரண்டு ஏ.சி., வாட்டர் ஹீட்டர், சலவை இயந்திரம், சப்மெர்சிபிள் மோட்டார், வயரிங், தண்ணீர்க் குழாய் என எல்லாம் இதில் அடங்கும் என்றும், ஒரே ஒரு தொலைபேசி அழைப்புப் போதும் என்றும் சொன்னார். எனக்கு அறுபத்தேழு வயது. காரைக்குடியிலிருந்து பேருந்து பிடித்து வந்து, எலக்ட்ரீஷியனையும் பிளம்பரையும் தேடிப் பிடித்து, அவர்கள் வேலை முடிக்கும்வரை உடனிருப்பது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகி வருகிறது. ஒரே அழைப்புப் போதும் என்ற அந்தக் கடைசி வாக்குறுதிக்காகவே நான் சம்மதித்தேன். ரூ.12,000, அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. ரூ.2,160, ஆக ரூ.14,160 செலுத்தினேன். நிபந்தனைகள் அடங்கிய இருபத்தாறு பக்க ஆங்கில ஆவணம், பணம் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள்தான் மின்னஞ்சலில் வந்தது.

நவம்பர் மாதம் வாட்டர் ஹீட்டரின் காயில் (கம்பிச் சுருள்) பழுதானபோது தங்கள் ஆள் இரண்டாம் நாளே வந்து மாற்றிக் கொடுத்தார். அதற்கு நன்றி. ஓராண்டில் இத்திட்டத்தின் கீழ் நடந்த ஒரே பழுதுநீக்கமும் அதுதான்.

2024 டிசம்பர் 28 அன்று மோட்டார் நின்றுபோனது. அடுத்த வாரம் பிள்ளையார் நோன்பு. வெளியூரிலிருந்து பதினான்கு பேர் வருவதாக இருந்தது. அன்றே பதிவு செய்தும், மதுரையிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வர வேண்டியிருப்பதாகக் கூறி, ஐந்து நாள் கழித்து ஜனவரி 2 அன்றுதான் ஆள் வந்தார். வந்தவர் பேனல் போர்டின் கதவைத் திறந்து பார்த்தார். ஸ்டார்ட்டரை ஒருமுறை அழுத்தினார். 'மின்னழுத்த ஏற்றத்தாழ்வால் ஏற்பட்ட சேதம், திட்டத்தில் சேராது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வருகைக் கட்டணம் ரூ.499 பெற்றுக்கொண்டு அரை மணி நேரத்தில் போய்விட்டார். அந்த மோட்டார் ஆழ்துளைக் கிணற்றில் 220 அடி ஆழத்தில் கிடக்கிறது. அதை மேலே தூக்காமல், திறந்து பார்க்காமல், மின்னழுத்தத்தைக்கூட அளந்து குறிக்காமல், அது எதனால் பழுதானது என்பதை அவர் எப்படி முடிவு செய்தார் என்பதற்கு இன்றுவரை தங்களிடமிருந்து விளக்கம் இல்லை. போர்டிலேயே வோல்ட் மீட்டர் இருக்கிறது. அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் இணைப்பைத் துண்டிக்கும் கருவியும் இருக்கிறது.

மறுநாள் உள்ளூர் மெக்கானிக்கை வைத்து மோட்டாரைத் தூக்கினோம். அது எண்ணெய் நிரப்பிய வகை மோட்டார். சீல் தேய்ந்துபோய் உள்ளே தண்ணீர் இறங்கியதால் காயில் எரிந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டினார்; நான் அதைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். இது இயல்பான பயன்பாட்டில் வரும் தேய்மானம். தங்கள் ஆவணத்தின் நான்காம் பக்கம், இயல்பான பயன்பாட்டில் ஏற்படும் இயந்திர, மின் பழுதுகள் அனைத்தும் திட்டத்தில் அடங்கும் என்கிறது. தூக்கி இறக்க ரூ.2,500, காயில் கட்டவும் சீல் மாற்றவும் ரூ.5,800, ஆக ரூ.8,300 பொதுக்கணக்கிலிருந்து போனது. நோன்புக்கு முந்தைய நாள் வரை லாரித் தண்ணீரைக் குடத்தில் சுமந்துதான் வீட்டைக் கழுவினோம். அந்தச் செலவை நான் கேட்கவில்லை.

மார்ச்சில் குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரெசர் நின்றது. 'கம்ப்ரெசருக்குத் தயாரிப்பாளரே பத்தாண்டு உத்தரவாதம் கொடுத்திருக்கிறார், அவரிடம் கேளுங்கள்' என்றார் தங்கள் ஆள். அது உண்மை. கம்ப்ரெசரை அவர்கள் இலவசமாகவே மாற்றித் தந்தார்கள். கேஸ் நிரப்பவும் கூலிக்குமாக ரூ.2,700 ஆனது. இதில் தங்களிடம் கேட்க எனக்கு எதுவுமில்லை. ஆனால் ஒரு பெட்டியின் மிக விலையுயர்ந்த பாகத்துக்கு வேறொருவர் பொறுப்பேற்றிருக்கும்போது, அதே பெட்டியைத் தங்கள் பட்டியலிலும் எழுதிக் கட்டணம் வாங்குவது சரிதானா என்பதைத் தாங்களே எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஜூன் மாத நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். அடுப்படிக்கும் இரண்டாங்கட்டுக்கும் நடுவிலுள்ள சுவரில் ஈரம் பூத்திருப்பதை, விளக்கேற்ற வந்த அம்மாள் பார்த்துச் சொன்னார். சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாயில் கசிவு. தங்கள் ஆள் வந்து, சுவரை மூன்றடி உயரத்துக்கு உடைத்து, கீழே தரையில் பதித்த ஆறு ஆத்தங்குடிக் கற்களைப் பெயர்த்தால்தான் பார்க்க முடியும் என்றும், பிறகு சிமென்ட் வைத்து அடைத்துவிடுவதாகவும், முன்பிருந்தபடி பூச்சும் கல்லும் அமைத்துத் தருவது திட்டத்தில் இல்லை என்றும் சொன்னார். எங்கள் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தால் ஆனவை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்த சாந்தின் மேல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு அது. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன் நடுவே சிமென்ட்டை அப்பினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, சுற்றியுள்ள பழைய பூச்சும் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். கற்களும் அப்படித்தான். கண்ணாடித் தகட்டின் மேல் கையால் வண்ணம் ஊற்றி, சூளையில் வைக்காமல் தண்ணீரில் ஊறவைத்தே உறுதியாக்கும் கற்கள் அவை. பெயர்க்கும்போது உடைந்தால் அதே சாயலில் அதே தேய்மானத்தோடு இன்னொன்று கிடைக்காது. இதையெல்லாம் தங்கள் ஆளிடம் எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார்; அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தார். பிறகு, வீடு தொடர்ந்து முப்பது நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் குழாய்க் கசிவு திட்டத்தில் சேராது என்ற நிபந்தனையைக் காட்டிப் பதிவையே மூடிவிட்டார்.

இந்த நிபந்தனைதான் என்னை மிகவும் வருத்தியது. செட்டிநாட்டில் பெரிய வீடுகள் பல, கல்யாணத்துக்கும் படைப்புக்கும் நோன்புக்கும் திறப்பவை. மற்ற நாட்களில் காவலுக்கும் விளக்கேற்றவும் ஒருவர் வந்து போவார். இது தங்கள் பிரதிநிதிக்குத் தெரியாததன்று. அவரே பார்த்த காட்சி. ஆளில்லாத வீட்டுக்குப் பொருந்தாத திட்டத்தை, ஆளில்லாத வீட்டின் கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே வந்து விற்றிருக்கிறார். குழாய்க் கசிவைப் பொறுத்தவரை, பணம் கட்டிய முதல் நாளிலிருந்தே எங்களுக்குப் பாதுகாப்பு இருக்கவில்லை. கடைசியில் எங்கள் ஊர்ப் பிளம்பர், கசியும் குழாயை அப்படியே அடைத்துவிட்டு, சுவருக்கு வெளியே புதுக் குழாய் போட்டு ரூ.1,900 வாங்கிக்கொண்டார். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஈரம் பட்ட பகுதியை ரூ.4,500க்குச் சீர்செய்தார். ஒரு கல்லும் பெயரவில்லை.

இனிக் கணக்கு. இவ்வாண்டில் தங்களுக்குச் செலுத்தியது சந்தா ரூ.14,160, நான்கு வருகைகளுக்கு ரூ.1,996. நாங்களே செய்துகொண்ட பழுதுகள் ரூ.17,400. மொத்தம் ரூ.33,556. இத்திட்டமே இல்லாமல், வாட்டர் ஹீட்டர் காயிலையும் ரூ.850 கொடுத்து நாங்களே மாற்றியிருந்தால் ஆகியிருக்கும் செலவு ரூ.18,250. ஆக, திட்டத்தை வாங்கியதால் பொதுக்கணக்குக்கு ரூ.15,306 கூடுதல் செலவு. இந்த ஓராண்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதால் பழைய பேரேட்டையும் எடுத்துப் பார்த்தேன். தங்கள் பட்டியலிலுள்ள அதே பொருட்களுக்கு, திட்டம் எடுப்பதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் ஆன செலவு ரூ.6,300, ரூ.3,900, ரூ.9,450. சராசரி ஆண்டுக்கு ரூ.6,550. தாங்கள் ஒரு பதிவைக்கூட மறுக்காமல் எல்லாவற்றையும் செய்து கொடுத்திருந்தாலும், சந்தா அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். இந்தக் கூட்டலை நான் பணம் கட்டும் முன்பே போட்டிருக்க வேண்டும். அது என் தவறு, பங்காளிகளிடமும் அப்படியே சொல்வேன். ஆனால் எவையெல்லாம் சேராது என்று எனக்கு முன்கூட்டியே தெரியாமல் போனது என் தவறன்று.

என்னிடம் கேட்ட உறவினர்களுக்கு நான் எல்லாத் திட்டமும் வீண் என்று சொல்லப்போவதில்லை. நகரத்தில் புது அடுக்குமாடி வீட்டில் குடியிருந்து, எல்லாப் பொருளுக்கும் ரசீது வைத்திருந்து, தயாரிப்பாளரின் உத்தரவாதம் முடிந்த சாதனங்கள் பல வைத்திருப்பவருக்கு, அருகிலேயே சேவை மையமும் இருந்தால், இது பயன்படக்கூடும். அவர்களும் முதலில் 'சேராதவை' என்ற பகுதியைத்தான் படிக்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு சாதனத்தின் மதிப்பில் 20 விழுக்காடு கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் பொறுப்பு என்று தங்கள் ஆவணத்தின் பதினொன்றாம் பக்கம் சொல்கிறது. அப்படியானால் 2016இல் வாங்கிய எங்கள் சலவை இயந்திரம் பட்டியலில் இருந்தும் அதன் மதிப்பு சூனியம். எங்கள் பக்கத்து வீடுகளுக்கு நான் சொல்லப்போவது, அந்தப் பணத்தைப் பழுது வகைக்கென்று தனியே எடுத்து வைத்து, ஊரிலுள்ள மோட்டார் மெக்கானிக், பிளம்பர், சுண்ணாம்புக் கொத்தனார் மூவரின் எண்ணையும் சமையலறைக் கதவில் எழுதி ஒட்டிவையுங்கள் என்பதுதான். எங்கள் பேரேட்டிலும் செப்டம்பர் 15 முதல் அந்தத் தலைப்பு தொடங்குகிறது.

என் கோரிக்கைகள் இவை. மோட்டாருக்கு ஆன ரூ.8,300ஐ, சோதிக்காமலே மறுத்ததற்காகத் திருப்பித் தர வேண்டும். எந்த வேலையும் செய்யாத மூன்று வருகைகளின் கட்டணம் ரூ.1,497ஐத் திருப்பித் தர வேண்டும். குழாய் வேலைக்கான ரூ.1,900ஐயும் தர வேண்டும். கொத்தனார் கூலியை நான் கேட்கவில்லை. தானியங்கிப் புதுப்பித்தலை நீக்கி எழுத்து மூலம் உறுதி தர வேண்டும். ரூ.15,000 வரையிலான இத்தகைய தொடர் பற்றுகளுக்கு ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. தேவையில்லை என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தங்கள் சந்தா அந்த வரம்புக்குள்ளேயே இருப்பதால், குறுஞ்செய்தியைக் கவனிக்காத ஒரு முதியவரின் பணம் சத்தமின்றிப் போய்விடும். என் வங்கியில் அந்த அனுமதியை நேற்றே திரும்பப் பெற்றுவிட்டேன். கடைசியாக, இனி இப்பகுதியில் யாருக்கு விற்றாலும், சேராதவை எவை என்பதைப் பணம் வாங்கும் முன்பே தமிழில், ஒரே தாளில் கொடுக்க வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த முப்பது நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாட்டுக்காகச் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன். புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர அச்சட்டத்தின் 34ஆம் பிரிவு இடம் தருகிறது; செலுத்திய தொகை ரூ.5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. காலவரம்பு இரண்டு ஆண்டுகள். ரசீதுகள், மோட்டாரின் படங்கள், தங்கள் ஆட்கள் எழுதிக் கொடுத்த நான்கு தாள்கள் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்து விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் திட்டத்தின் சந்தாதாரர்,
பங்காளிகள் நால்வர் சார்பாக.