மீட்ட நாயை உடனே குளிப்பாட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உரிமம் இல்லாமல் கூண்டுகளில் அடைத்து வைத்துக் குட்டி எடுக்கும் இடங்களிலிருந்து ஷிட்சு, பொமரேனியன், லேப்ரடார் நாய்கள் மீட்கப்படும் செய்தி அவ்வப்போது வருகிறது. படத்தைப் பார்த்ததும் மனம் பொறுக்காமல், "ஒன்றை நாங்கள் வளர்க்கிறோம்" என்று முன்வருகிறவர்கள் நிறையப் பேர். நல்ல மனதுதான். ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பெரும்பாலும் நடப்பது என்ன? வாளித் தண்ணீரில் டெட்டாலைக் கலந்து தேய்த்துக் குளிப்பாட்டுகிறார்கள், வயிறு முட்டச் சாப்பாடு போடுகிறார்கள், மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சுகிறார்கள். மூன்றுமே அந்த நாய்க்குக் கெடுதல். ஏன் என்று சற்று விரிவாகச் சொல்ல இடம் தர வேண்டுகிறோம்.

முதலில் போக வேண்டிய இடம் கால்நடை மருத்துவமனை. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. ஈறு வெளுத்திருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்து ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். நெருக்கமாக அடைத்து வைத்த இடங்களில் பெரும்பாலும் உண்ணி இருக்கும். உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் உறையும் தன்மை குறைந்துபோன நாய்க்கு நகம் வெட்டும்போது படுகிற சின்னக் காயம்கூட நிற்காமல் கசியும். சொறியும் படர்தாமரையும் மனிதர்களுக்கும் ஒட்டும், எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீர் வழியாகப் பரவும். அதனால் கையுறை இல்லாமல் தொட வேண்டாம். வீட்டில் வேறு நாய் இருந்தால் குறைந்தது இரண்டு வாரம் தனியறை. இந்த வேலையை அடிக்கடி செய்கிறவர்கள் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது.

பல ஈற்று ஈன்ற தாய் நாய்களில் இரண்டு விஷயங்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பிறப்புறுப்பில் ரத்தம் சொட்டினால் எல்லோரும் பருவத்துக்கு வந்திருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். வாரக்கணக்கில் நிற்காமல் சொட்டினால் அது இணைசேர்க்கையால் பரவும் கட்டியாக இருக்கலாம், ஊசி மருந்தில் பெரும்பாலும் குணமாகிவிடும். பருவம் முடிந்து சில வாரத்தில் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, சாப்பிடாமல், வாந்தி எடுத்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கக்கூடும். அதற்கு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

சாப்பாடு. பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாக இருக்கும் உடலுக்குத் திடீரென்று நிறையச் சோறு போட்டால் ரத்தத்தில் பாஸ்பரஸ் அளவு சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். 5 கிலோ நாய்க்குச் சும்மா படுத்திருக்க மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 230 கலோரி வேண்டும். மிகவும் மெலிந்த நாய்க்கு முதல் நாள் அதில் கால் பங்கு போதும். அதையும் ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுத்து, நான்கைந்து நாளில் முழு அளவுக்கு வரலாம். வேகவைத்த கோழியும் குழைந்த சோறும் சரி. பிரியாணி வேண்டாம், அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பால் கொடுத்தால் பேதிதான்.

இனி முடி விஷயம். ஷிட்சு, பூடில் போன்ற நீள்முடி நாய்களை மாதக்கணக்கில் சீவாமல் விட்டால் முடி சிக்காகி, சிக்கு சடையாகி, மூத்திரமும் மலமும் ஊறிக் கம்பளிப் போர்வை போல உடம்பை ஒரே தகடாக மூடிவிடும். இதன் மேல் தண்ணீர் ஊற்றினால் சிக்கு இறுகும். உள்ளே போன ஈரம் காயவே காயாது, அடியில் தோல் அழுகத் தொடங்கும். ஆகவே சிக்கை எடுத்த பிறகுதான் குளியல்.

கத்தரிக்கோலை எடுக்கவே வேண்டாம். சிக்கைக் கையால் பிடித்துத் தூக்கும்போது தோலும் அதோடு சேர்ந்து மேலே வரும். முடியை வெட்டுகிறோம் என்று நினைத்துத் தோலை வெட்டிவிட்டு மருத்துவமனையில் தையல் போடுவது வாடிக்கையாக நடக்கிறது. சீப்பால் வலித்து எடுப்பதும் சித்திரவதை. இதற்கு உரியது நாய்களுக்கான கிளிப்பர் என்ற முடிவெட்டும் இயந்திரமும் பத்தாம் எண் பிளேடும். அது ஒன்றரை மில்லிமீட்டர் அளவு முடியை விட்டுவிட்டு வெட்டும், பல் இடைவெளி குறுகலாக இருப்பதால் தோல் உள்ளே சிக்குவது குறைவு. ஆண்கள் தாடிக்கு வைத்திருக்கும் டிரிம்மர் இரண்டு நிமிடத்தில் திணறி நின்றுவிடும்.

பிடரியிலோ முதுகிலோ சிக்கு கொஞ்சம் தூக்கலாக இருக்கும் இடத்தில் தொடங்குங்கள். ஒரு கையால் தோலை இறுக்கிப் பிடித்து, பிளேடைத் தோலுக்குப் படுக்கை வசமாக வைத்து, சிக்குக்கு அடியில் மெதுவாக ஓட்டுங்கள். சிக்கு, ஆட்டுத்தோலை உரிப்பதுபோல் தனியே பிரிந்து வரும் என்று எதிர்பார்த்து அழுத்தக் கூடாது. பிளேடு போகவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் அடியில் போக வேண்டும் என்று அர்த்தம். அக்குள், தொடை மடிப்பு, குதிகால் நரம்பு, விரலிடுக்கு ஆகிய இடங்களில் தோல் மெல்லியது, மடிப்பும் அதிகம். தாய் நாய்களில் பால் கொடுத்துத் தொங்கிப்போன காம்புகள் சிக்குக்குள் மறைந்திருக்கும். விரலால் தடவி ஒவ்வொரு காம்பையும் கண்டுபிடித்து, விரலாலேயே மூடிக்கொண்டுதான் சுற்றிலும் வெட்ட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிளேடை உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். சுட்டால் நிறுத்தி ஆறவிடுங்கள், இல்லையென்றால் வேறு பிளேடு மாற்றுங்கள். பிளேடுச் சூட்டுப் புண் அன்றைக்குத் தெரியாது, மறுநாள் சிவந்து தெரியும்.

காதுகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பாரமான சிக்கு இறங்கியதும் அதுவரை அழுந்திக் கிடந்த காது மடலுக்கு ரத்தம் வேகமாகப் பாயும். நாய் தலையைப் பலமாக உதறும். உதற உதற மடலுக்குள் ரத்தம் கட்டிப் பலூனாக வீங்கும், ஓரம் வெடித்துச் சுவரெல்லாம் ரத்தமாகும். இதைத் தடுக்கப் பழைய பனியன் துணியைக் குழாயாக வெட்டி, காதுகள் தலையோடு படியும்படி இரண்டு மூன்று மணி நேரம் போட்டு வையுங்கள். துணிக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். மலத்தோடு இறுகிய சிக்கு ஆசனவாயை அடைத்திருந்தால் மட்டும் முதல் நாளே அதை வெட்டி வழிவிட வேண்டும். புழு வைத்த புண்ணில் டர்பன்டைன் ஊற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. புழுவோடு தோலும் வெந்துபோகும். மருத்துவர்தான் புழுவை எடுக்க வேண்டும்.

உடம்பு முழுக்கத் தகடாகிப்போன நாயை விழித்திருக்கும்போது வெட்டப் போராடாதீர்கள். ரத்தப் பரிசோதனை தேறிய பிறகு கருத்தடைக்கு மயக்கம் கொடுக்கும்போதே முடியெடுப்பு, பல் சுத்தம் எல்லாவற்றையும் சேர்த்து முடிக்கும்படி மருத்துவரிடம் கேட்கலாம். பல்லை வீட்டில் சுரண்டக் கூடாது. இந்தச் சிறிய இனங்களில் ஈறு நோய் முற்றித் தாடை எலும்பே அரித்துப் போயிருக்கும், லேசாக அழுத்தினாலும் முறியலாம். பொமரேனியன், ஹஸ்கி போன்ற, மேல்முடி, அடிமுடி என்று இரண்டு அடுக்கு முடியுள்ள நாய்களைத் தோலோடு சிக்கிய இடத்தில் மட்டும் வெட்டுங்கள். வெயில் காலம் என்று மொட்டையடித்தால் முடி பழையபடி முளைக்காமலே போகலாம்.

நகத்துக்கு வருவோம். கம்பி வலை மேலேயே வாழ்ந்த நாய்க்கு நகம் தேயாது, வளைந்து பாதத்துக்குள் ஏறியிருக்கும். தரையைத் தொடாத பெருவிரல் நகம் வட்டமாகச் சுற்றிச் சதைக்குள் புகுந்திருக்கும். நகம் நீளும்போது உள்ளிருக்கும் ரத்தக் குழாயும் கூடவே நீளும். எனவே ஒரே நாளில் குட்டையாக்க முடியாது. வாரம் ஒருமுறை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெட்டினால் குழாய் மெல்லப் பின்வாங்கும். கறுப்பு நகத்தில் வெட்டுமுகத்தின் நடுவே கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்துங்கள். ரத்தம் வந்தால் சோளமாவை வைத்து இரண்டு நிமிடம் அழுத்தினால் போதும். மூத்திரத்தில் வெந்த பாதங்களை அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு சமன் தேக்கரண்டி உப்பு போட்டு ஐந்து நிமிடம் ஊறவைத்து, விரலிடுக்கு வரை ஒற்றித் துடையுங்கள்.

இப்போது குளிப்பாட்டலாம். ஹோஸ் குழாய் வேண்டவே வேண்டாம். குட்டி எடுக்கும் அந்த இடங்களில் நாயை உள்ளே வைத்தபடியே கூண்டைப் பீய்ச்சிக் கழுவுவார்கள், அந்தச் சத்தம் கேட்டாலே நாய் மூத்திரம் போய்விடும். தொட்டியில் ஈரச் சாக்கை மடித்துப் போட்டால் கால் வழுக்காது. குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டைவிடக் கொஞ்சம் குறைவான நீரை, கழுத்துக்குக் கீழே மட்டும், சொம்பால் ஊற்றுங்கள். முகத்துக்கு ஈரத்துணி போதும். நாய் ஷாம்பு ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர். மருத்துவர் எழுதிக் கொடுக்கும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்பு என்றால் பத்து நிமிடம் ஊற வேண்டும், உடனே கழுவினால் பயனில்லை. டெட்டால், பினாயில், துணி சோப்பு மூன்றும் புண்பட்ட தோலை எரிக்கும். நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். குளித்த பின் பழைய பருத்திச் சட்டை ஒன்றைப் போட்டு விடுங்கள். முடி போன தோலை நம் ஊர் வெயில் சுலபமாகச் சுட்டுவிடும்.

எல்லாவற்றையும்விடத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இந்த நாய்களின் மனநிலை. "எவ்வளவு சமத்தாக அசையாமல் நிற்கிறது பாருங்கள்" என்பார்கள். அது சமத்து இல்லை, பயத்தில் உறைந்துபோன நிலை. உதட்டை நக்குவது, காரணமில்லாமல் கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரப்பார்வை பார்ப்பது எல்லாம் போதும் நிறுத்து என்பதற்கான அடையாளங்கள். அதையும் மீறித் தொடர்ந்தால் கடிக்கும். ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டு, பாதி உடம்பு வெட்டிய நிலையில் நிறுத்தினாலும் பரவாயில்லை. அழகு பிறகு பார்க்கலாம். அதிகம் பயப்படும் நாய்க்கு கபாபென்டின் போன்ற, பயத்தைத் தணிக்கும் மருந்தை இரண்டு மணி நேரம் முன்பே கொடுக்க மருத்துவர் சொல்வார். உடலை மட்டும் தளர்த்திப் பயத்தை அப்படியே விட்டுவைக்கும் மருந்துகளும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் பிராங்க்ளின் மெக்மில்லன் என்ற கால்நடை மருத்துவரின் குழு, இப்படி மீண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களை ஆராய்ந்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், வீடு சேர்ந்து ஆண்டுகள் கடந்தும் பயமும் தொட்டால் கூசுவதும் பல நாய்களிடம் நீடித்தது தெரிந்தது. எனவே ஒரு மாதத்தில் வாலாட்டவில்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள். மாடிப்படி, வழவழப்பான டைல்ஸ், மின்விசிறி, குக்கர் விசில் எல்லாமே அதற்குப் புதிது. வீட்டின் ஓர் ஓரத்தில் போர்வை மூடிய, கதவு திறந்த கூண்டு ஒன்று இருக்கட்டும். அதற்குள் இருக்கும்போது யாரும் கை நீட்டக் கூடாது. நீங்கள் பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள். நேருக்கு நேர் பார்க்க வேண்டாம், தலைக்கு மேலே கை போக வேண்டாம். கோழித் துண்டைச் சற்றுத் தள்ளிப் போட்டுவிட்டுச் செய்தித்தாளைப் படியுங்கள். நாய் அருகில் வந்தால் நெஞ்சுப் பக்கம் மூன்று விநாடி தடவிக் கையை எடுங்கள். மறுபடி வந்தால் தொடரலாம். தனிமைக் காலம் முடிந்த பிறகு, மனிதர்களோடு பழகிய நிதானமான இன்னொரு நாய் கூட இருந்தால் பாதி வேலையை அதுவே செய்துவிடும்.

முதல் சில மாதங்களுக்குக் கழுத்துப் பட்டையில் ஒரு கயிறு, நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் வாரில் ஒரு கயிறு என்று இரண்டும் கட்டாயம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரும் நாய் இல்லை இது. பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடினால் துரத்த வேண்டாம், துரத்தத் துரத்த இன்னும் தூரம் போகும். தீபாவளியை ஒட்டிய நாட்களில் புதிதாக நாய் எடுப்பதையே தள்ளிப்போடலாம்.

மீட்புக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். நாயை ஒப்படைக்கும்போது எடை, ரத்தப் பரிசோதனை முடிவு, போட்ட தடுப்பூசியின் தேதி, கொடுத்து வரும் மருந்து, எந்த இடத்தைத் தொட்டால் வலிக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். 2017-ம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாமல் குட்டி எடுத்து விற்பது குற்றம். அந்தத் தாளின் நகல் வழக்குக்கும் உதவும்.

இப்படிக்கு,
மீட்பு நாய்களைப் பராமரிக்கும் தன்னார்வலர்கள்,
சென்னை.