செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் அங்கத்தவர்களே, வணக்கம்.

இந்த ஆண்டில் நிர்வாக சபை ஒன்பது தடவை கூடியது. அதில் இரண்டு தடவை போதிய ஆட்கள் வராததால் கலைந்தோம். தைப்பொங்கலுக்குக் குதிரை லாயத்து முற்றத்தில் பொங்கினோம். மார்ச்சில் சிரமதானம் செய்து வேலி திருத்தினோம். யூனில் பாடசாலைப் பிள்ளைகள் ஒருநாள் வந்து பார்த்துப் போனார்கள். காலமான மூத்த அங்கத்தவருக்கு அஞ்சலிக் கூட்டம் நடத்தினோம்.

மற்றப்படி ஆண்டு முழுவதும் சங்கத்துக் குதிரையான சுட்டியோடுதான் போனது. சங்கத்துப் பணத்தில் பெரும்பகுதியும் அங்கேதான் போனது. ஆகவே அதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சுட்டி நுவரெலியாவில் பந்தயம் ஓடி ஓய்ந்த குதிரை. நெற்றியில் வெள்ளைச்சுட்டி இருப்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. 1,800 மீற்றருக்கு மேல் குளிரில் நின்ற உடம்பு, எங்கள் வெயிலுக்கு வந்து சேர்ந்தது. முதல் மூன்று மாதம் யாரையும் ஏறவிடவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. பந்தயக் குதிரைக்குத் தானியத்தை அள்ளிப் போட்டு வளர்ப்பார்கள். அதைப் படிப்படியாகக் குறைத்துப் புல்லுக்குக் கொண்டுவர வேண்டும், உடம்பும் மனமும் ஆற வேண்டும். நாளுக்கு எட்டு, ஒன்பது கிலோ காய்ந்த புல் தின்றது. நிலத்தில் போட்டால் மணலையும் சேர்த்து விழுங்கி வயிற்றுவலி வரும் என்பதால் தொட்டியில்தான் வைத்தோம். வாரத்துக்கு ஒருமுறை சாணத்தைக் கண்ணாடிப் போத்தலில் தண்ணீரோடு கலக்கி வைத்து, அடியில் மணல் படிகிறதா என்று பார்ப்போம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் குதிரை வளர்க்கிற எவரும் இதைச் செய்ய வேண்டும்.

சித்திரைக்குப் பிறகு பிளாட்வேர்க் என்ற பயிற்சி வேலை தொடங்கினோம். பிளாட்வேர்க் என்றால் தடை தாண்டுவது, பந்தயம்போல் பாய்ந்து ஓடுவது ஒன்றுமில்லை. சமநிலத்தில் செய்யும் பயிற்சி, முதலில் நடப்பது, நிற்பது, திரும்புவது, வட்டம் போடுவது மட்டும்தான். “இன்னும் நடந்துகொண்டுதானா இருக்கிறது?” என்று சிலர் கேட்டார்கள். ஆம், நடந்துகொண்டுதான் இருந்தது. பந்தயத்தில் ஜொக்கியைக் காலில் பிடித்துத் தூக்கிவிடுவார்கள், குதிரை நடந்துகொண்டே இருக்கும். ஒருவர் ஏறி அமரும் வரை அசையாமல் நிற்க வேண்டும் என்று சுட்டிக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. மரப்படியின் பக்கத்தில் அதை நிற்கவைக்க மட்டும் பத்தொன்பது காலைகள் போயின. நான் படியில் ஏறுவேன், அது விலகும், இறங்கிவிடுவேன், திரும்பக் கொண்டுவருவேன். இருபதாம் நாள் தலையைத் தாழ்த்தி, உதட்டை நக்கி, ஒரு பெருமூச்சு விட்டது. அன்றைக்கு நான் ஏறவே இல்லை. கழுத்தைத் தடவிக்கொடுத்து லாயத்துக்குக் கூட்டிப்போனேன்.

கடிவாள விஷயம் இன்னும் கடினம். பந்தயத்தில் வாரை இறுக்கிப் பிடித்தால் குதிரை அதில் சாய்ந்துகொண்டு வேகமாகப் போகும். நாம் நிறுத்த இழுக்கிறோம், குதிரைக்கு அது ‘போ’ என்று கேட்கிறது. யூலையில் கச்சான் காற்று அடித்த ஒரு காலை, பக்கத்துக் காணியில் கட்டியிருந்த தறப்பாள் சீலை படபடத்தது. சுட்டி பாய்ந்தது. நான் இரண்டு கையாலும் இழுத்தேன். அது என் பிழை. இழுக்க இழுக்க வேகம் கூடியது. வேலிக்கு மூன்று பாகத் தூரம் இருக்கும்போதுதான் புத்தி வந்து, ஒரு பக்க வாரைத் தளரவிட்டு மற்றப் பக்கம் மெதுவாகத் திருப்பினேன். வட்டம் சிறுக்கச் சிறுக்க வேகம் அடங்கியது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அதைச் சாட்டாக வைத்து, குதிரை ஆபத்தானது, விற்றுவிடலாம் என்று கூட்டத்துக்கு வெளியே கதைக்கிறார்கள். கூட்டத்துக்குள் வந்து கதைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கடற்கரையில் ஓட்டிப் படம் எடுக்கத் தரவில்லை என்ற மனத்தாங்கலும் இருக்கிறது. பொதுபொதுவென்ற மணலில் பாயவிட்டால் முன்னங்காலின் பின்பக்கத் தசைநாண் அறுந்துபோகலாம். பந்தயம் ஓடிய கால்களில் அது ஏற்கனவே களைத்த இடம். படம் எடுக்கக் கேட்ட அங்கத்தவரின் உறவினர் வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்பது எனக்குத் தெரியும். அப்போதும் என்னால் முடியாது.

சரி, பலன் என்ன என்று கேட்பீர்கள். நடுவில் கம்பு நட்டு, பத்து மீற்றர் கயிறு கட்டி, மணலில் வட்டம் கீறினேன். அந்த வழியில்தான் நடை, பிறகு ட்ரொட் என்ற மெல்லோட்டம். மே மாதம் பனியீரத்தில் பதிந்த குளம்படிகளைப் பார்த்தால் இடப்பக்க வட்டம் வட்டமாகவே இருந்தது. வலப்பக்கம் வாசலை நோக்கிப் பிதுங்கி முட்டைபோல் கிடந்தது. ஒரு பக்க உடம்பு இறுகிப்போனதன் அடையாளம் அது. இரண்டு பக்கமும் மாறிமாறி, நிலத்தில் கம்புகளை வைத்து மிதிக்காமல் நடந்து கடக்கவைத்து, ஐந்து மாதம் செய்தோம். ஒக்டோபரில் வலப்பக்கமும் கயிற்றோடு ஒட்டிவந்தது. அந்தத் தடத்தை ஏழு மணிக்கு முன் வந்தவர்கள்தான் பார்த்திருப்பார்கள். அதற்குப் பிறகு ஆடுகள் நடந்து அழித்துவிடும். நவம்பர் கடைசி மழையோடு காணி சேறாகிவிட்டது. இப்போது கையில் பிடித்து நடத்துவது மட்டும்தான்.

வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வந்ததெல்லாம் புல்லுக்கும் லாடத்துக்கும் மருந்துக்கும் போனது. கையில் இருப்பது மிகவும் கொஞ்சம். முப்பத்தொரு அங்கத்தவரில் சந்தாவை முழுதாகக் கட்டியவர்கள் பதினான்கு பேர். சிலர் இரண்டு ஆண்டாகவே கட்டவில்லை. பெயர்களை வாசிக்க எனக்கு விருப்பமில்லை, பட்டியல் என்னிடம் இருக்கிறது. காசு இல்லாதவர்கள் என்றால் புரிந்துகொள்வேன், மாதம் நான்கு காலை வந்து லாயம் கூட்டினாலே போதும். அதற்கும் வரவில்லை என்பதுதான் என் வருத்தம். ஓகஸ்ட் முழுவதும் நானும் சாம்பல்தீவுத் தம்பியும் மட்டும்தான் சாணம் அள்ளினோம்.

காணி தந்தவருக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் வந்த கால்நடை வைத்தியருக்கும், புல் வெட்டித் தந்த அந்தத் தம்பிக்கும், கணக்கைப் பார்த்துத் தந்த ஆசிரியை அக்காவுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டு மாசியில் நிலம் காய்ந்ததும் கன்டர் என்ற மெதுவான பாய்ச்சலைத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். அதற்கு வைகாசி வரை நிற்காமல் வேலை வேண்டும். இரண்டு நாள் விட்டால் இரண்டு வாரம் பின்னுக்குப் போகும். செயலாளர் பதவியை வேறு யாராவது எடுக்க விரும்பினால் இன்றைக்கே தருவேன். சுட்டியின் பயிற்சியை மட்டும் நடுவில் நிறுத்தாதீர்கள். லாயத்துக் கதவில் முறைப் பட்டியல் தொங்குகிறது. செவ்வாயும் வெள்ளியும் இன்னும் வெறுமையாகக் கிடக்கின்றன. காலை ஐந்தரைக்கு வர முடிந்தவர்கள் போகும்போது பெயர் எழுதிவிட்டுப் போங்கள், பேனா அங்கேயே கட்டியிருக்கிறது.

செயலாளர்,
திருகோணமலை.