மெரினால எங்கம்மாவ பாத்துக்கிட்ட அக்காவுக்கு நன்றி

2024 டிசம்பர்ல மெரினால மகளிர் சுயஉதவிக் குழுக்காரங்க போட்ட உணவுத் திருவிழாக்கு அம்மாவ கூட்டிட்டு போயிருந்தேன், டிசம்பர் மாசம்தான் ஆனாலும் மதிய வெயில் மண்டைய பொளந்துச்சு. பள்ளிபாளையம் சிக்கனுக்கு க்யூல நிக்கும்போதே அம்மாவுக்கு கண்ணு இருட்டிட்டு வந்து அப்படியே சாஞ்சிட்டாங்க, எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. பக்கத்து ஸ்டால் அக்கா ஒருத்தங்க வியாபாரத்த அப்படியே விட்டுட்டு ஓடி வந்து, நிழல்ல படுக்க வச்சு, கால தூக்கி வச்சு, முந்தானையால விசிறி விட்டு, நல்லா தெளிஞ்ச அப்புறம் உப்பு போட்ட மோர கொஞ்சம் கொஞ்சமா குடிக்க வச்சாங்க. வேர்வைல உப்பும் போயிடும்மா, வெறும் தண்ணி பத்தாதுன்னாங்க. காசு நீட்டுனேன், வாங்கவே இல்ல. அம்மா இன்னமும் அந்த மோர் ருசிய சொல்லிட்டே இருக்காங்க. பதட்டத்துல பேரு கூட கேக்காம வந்துட்டேன். அக்கா, நீங்க எந்த ஊரா இருந்தாலும் ரொம்ப ரொம்ப நன்றிக்கா, அம்மா நல்லா இருக்காங்க.